சிப்புக்கு மட்டும் காசு கொடுத்தால் போதுமா? திறந்தமூல கிராபிக்ஸ் சிப் திட்டங்கள் மீது ஒரு விமர்சனம்

2018 வாக்கில் திறந்தமூல கிராபிக்ஸ் சிப் ஒன்றுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். அதன் ஆரம்பப் பக்கங்களில் இருந்த பெயர் 'ஷக்தி எம்-கிளாஸ்'. ஆமாம், நம்ம ஐஐடி மெட்ராஸ் ஷக்திதான். அந்தத் திட்டம் பிறகு 'லிப்ரே ரிஸ்க்-வி' ஆனது, அப்புறம் 'லிப்ரே-எஸ்ஓசி' ஆனது. கடைசியில் ஷக்தியும் இல்லை, ரிஸ்க்-வியும் இல்லை. இன்றைய தேதிக்கு அதிலிருந்து கடையில் வாங்கக்கூடிய கிராபிக்ஸ் சிப்பும் இல்லை.

இதை இப்போது கிளறக் காரணம் உண்டு. 2025 தொடக்கத்தில் மத்திய மின்னணுத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இந்தியாவுக்கென்று சொந்த ஜிபியு வரும் என்றார். நல்ல விஷயம். வந்தால் முதலில் வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் 'சொந்தமா ஒரு கிராபிக்ஸ் சிப் பண்ணுவோம்' என்று கிளம்பிய திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன. தொழில்நுட்பம் தெரியாமல் விழவில்லை. திட்டத்திலும் காசுக் கணக்கிலும் விழுந்தார்கள். இந்தக் கட்டுரை அந்தத் திட்டங்களைப் பற்றிய விமர்சனம். அந்த ஆட்களைப் பற்றியது அல்ல. அவர்கள் செய்த அளவு நம்மில் யாரும் செய்யவில்லை.

சிபியு திறந்த மாதிரி ஜிபியு ஏன் திறக்கவில்லை?

முதலில் இந்தக் கேள்வி. ஷக்தி வெற்றிகரமான திட்டம்தான். 2014-ல் பேராசிரியர் காமகோடி தலைமையிலான ரைஸ் குழுவில் ஆரம்பித்தது. வடிவமைப்பு முழுக்க புளூஸ்பெக் மொழியில், பிஎஸ்டி உரிமத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் ஒரு சிப், அதே ஆண்டு மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் 'ரிமோ', 2020-ல் 'மௌஷிக்'. 2025-ல் இஸ்ரோவோடு சேர்ந்து 'ஐரிஸ்'. இதே குழுவிலிருந்து இன்கோர் என்ற நிறுவனமும் வந்தது. பத்து ஆண்டுகளில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் இவ்வளவு செய்திருப்பது பெரிய விஷயம்.

அப்படியானால் அதே மாதிரி ஒரு ஜிபியு பண்ண வேண்டியதுதானே?

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஷக்தி குழு சிபியு பண்ணினார்கள். கம்பைலர் பண்ணவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் பண்ணவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. 2010-ல் பெர்க்லியில் ஆரம்பித்த ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பு பொதுச்சொத்து. அதற்கு ஜிசிசி, எல்எல்விஎம், லினக்ஸ் கெர்னல் எல்லாவற்றையும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து தயார் செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் விதிப்படி சிப் செய்தால் மென்பொருள் தானாக வந்து உட்காரும். ஷக்தியின் செலவில் பெரும்பகுதியை மற்றவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.

ஜிபியு அப்படி இல்லை. எல்லாரும் ஒத்துக்கொண்ட பொதுக் கட்டளைத் தொகுப்பு அதற்குக் கிடையாது. என்விடியா, ஏஎம்டி, ஆர்ம், குவால்காம் ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாற்றவும் செய்கிறார்கள். அவர்களால் அப்படி மாற்ற முடிவதற்குக் காரணம், கம்பைலர் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விளையாட்டு 'இந்த ஷேடரை ஓட்டு' என்று கொடுத்தால், டிரைவர் அந்த நொடியில் அதைத் தன் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றுகிறது. ஆக ஜிபியு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் மென்பொருள்.

இது சும்மா சொல்வதில்லை, ஆதாரம் இருக்கிறது. ஆப்பிள் எம்1 சிப் 2020 நவம்பரில் வந்தது. ஆப்பிள் அதன் ஜிபியுவுக்கு எந்த ஆவணமும் கொடுக்கவில்லை. அசாஹி லினக்ஸ் குழுவினர் சொந்தமாக ஆராய்ந்து டிரைவர் எழுதினார்கள். ஓபன்ஜிஎல் 4.6 தேர்வை அந்த டிரைவர் முறைப்படி தாண்டியது 2024 பிப்ரவரியில். அங்கே சிப் குறையில்லாமல் கையில் இருந்தது. எழுதியவர்கள் உலகத்திலேயே அந்தத் துறையில் தேர்ந்த சிலர். 1993-லிருந்து வளர்ந்துவரும் மெசா என்ற பொது நூலகம் வேறு அடித்தளமாக இருந்தது. அப்படியும் மூன்று ஆண்டுகள். ஆவணம் இருந்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும், சரி. ஆனால் 'சிப் வந்துவிட்டால் டிரைவரைப் பசங்க எழுதிடுவாங்க' என்ற நினைப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய திட்டங்களுக்குப் போவோம்.

திட்டம் 1: போர்டு விற்று சிப் பண்ணுவோம்

2004-ல் டிமதி மில்லர் என்ற பொறியாளர் 'ஓபன் கிராபிக்ஸ் ப்ராஜெக்ட்' தொடங்கினார். அப்போது லினக்ஸில் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்ய வைப்பது எவ்வளவு கொடுமை என்று அந்தக் காலத்தில் காலேஜ் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் திட்டம் தெளிவானது. முதலில் எஃப்பிஜிஏ வைத்து ஒரு சோதனை போர்டு. அதை டெவலப்பர்களுக்கு விற்பது. அந்த லாபத்தையும் நம்பிக்கையையும் வைத்து நிஜ சிப்புக்குப் போவது.

போர்டு வந்தது. ஓஜிடி1 என்று பெயர். சைலிங்க்ஸ் ஸ்பார்ட்டன்-3 எஃப்பிஜிஏ, விலை 1500 டாலர். சிப் வரவில்லை.

என் விமர்சனம் இது. 1500 டாலர் போர்டை யார் வாங்குவார்கள்? எஃப்பிஜிஏ தெரிந்த, கிராபிக்ஸ் ஆர்வமுள்ள, சொந்தக் காசு உள்ள ஆள். உலகம் முழுக்கச் சில நூறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு போர்டுக்கு 500 டாலர் லாபம், 500 போர்டு விற்பனை என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் இரண்டரை லட்சம் டாலர்தான். சிப் ஆலைக்குப் போக, சோதிக்க, திருத்த அது போதாது. முதல் படியின் வருமானம் இரண்டாவது படியின் செலவில் சிறு துளிதான். திட்டத்தில் படிகள் இருந்தன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் இருந்த உயரத்தை யாரும் அளக்கவில்லை.

திட்டம் 2: பழைய சிப்பைத் திறப்போம்

2013-ல் பிரான்சிஸ் புரூனோ என்பவர் கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டார். தொண்ணூறுகளில் நம்பர் நைன் என்ற கம்பெனி விற்ற 'டிக்கெட் டு ரைட் 4' கிராபிக்ஸ் சிப்போடு ஒத்துப்போகும் வெரிலாக் வடிவமைப்பு அவரிடம் இருந்தது. காசு சேர்ந்தால் அதைச் சுத்தம் செய்து திறந்தமூல உரிமத்தில் வெளியிடுவேன் என்றார். குறைந்தபட்ச இலக்கு 2 லட்சம் டாலர், அது 2டி பகுதிக்கு மட்டும். 3டி வேண்டுமென்றால் இன்னும் மேலே.

அதில் பத்தில் ஒரு பங்குகூட சேரவில்லை. ஆனாலும் மனுஷன் பிறகு 2014-ல் அந்த மூலநிரலை வெளியிட்டார். இன்றைக்கும் இருக்கிறது, பதிவிறக்கலாம். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கும்பிடு.

இங்கே குறை வேறு. நிதி கொடுப்பவனுக்குக் கையில் என்ன கிடைக்கும்? மூலநிரல். அதை வைத்து அவன் என்ன செய்வான்? எஃப்பிஜிஏ இருந்தால் ஓட்டிப் பார்க்கலாம். கூட்டுநிதி என்பது பொருளை முன்கூட்டியே வாங்குவது மாதிரி. பொருளே இல்லாத இடத்தில் அது வேலை செய்யாது. மூலநிரல் எல்லாருக்கும் பயன்படும் பொதுச்சொத்து. அதற்குக் காசு பொதுநிதியிலிருந்துதான் வர வேண்டும். தெரு விளக்குக்கு வீட்டுக்கு வீடு உண்டியல் குலுக்கின கதைதான் இது.

திட்டம் 3: ஷக்தியில் தொடங்கியது

இப்போது நம்ம ஊர் சம்பந்தப்பட்டதற்கு வருவோம். லூக் லெய்ட்டன் தலைமையிலான லிப்ரே ரிஸ்க்-வி திட்டத்தின் யோசனை உண்மையிலேயே அழகானது. சாதாரணமாக சிபியு தனி, ஜிபியு தனி. சிபியுவில் ஓடும் டிரைவர் கட்டளைகளை மூட்டை கட்டி, கெர்னல் வழியாக, நினைவகத்தில் வைத்து, ஜிபியுவைக் கூப்பிட்டு 'எடுத்துக்கோ' என்று சொல்ல வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். டிரைவரின் சிக்கலில் பாதி இந்த மூட்டை கட்டுவதிலும் பிரிப்பதிலும்தான். இவர்கள் சொன்னது: சிபியுவும் ஜிபியுவும் ஒரே கோர், ஒரே கட்டளைத் தொகுப்பு. ரிஸ்க்-வியோடு வெக்டார் கட்டளைகளைச் சேர்த்துவிட்டால், கிராபிக்ஸ் என்பது இன்னொரு சாதாரண புரோகிராம். வல்கன் டிரைவரையும் அதற்கேற்ப எழுதிவிடலாம்.

இலக்கும் அடக்கமானதுதான். 1280×720 திரை, விநாடிக்கு 25 பிரேம், 5 முதல் 6 கிகாபிளாப்ஸ், மின்சாரம் 2.5 வாட். நிதி நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளையிலிருந்து. 2019-ல் முதலில் 50,000 யூரோ கிடைத்தது, பிறகு மேலும் சில மானியங்கள்.

'அடக்கமானது' என்றேன். அது எவ்வளவு அடக்கம் என்று ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த மாதிரி திட்டங்களில் எல்லாரும் கிகாபிளாப்ஸ் பேசுவார்கள். உண்மையில் கழுத்தை நெரிப்பது நினைவக வேகம்.

720பி திரையில் 9,21,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட். திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்க, எதையும் வரையாமல் வெறுமனே காட்டுவதற்கு மட்டும் விநாடிக்குச் சுமார் 221 மெகாபைட் படிக்க வேண்டும். அடுத்து வரைவது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் எழுத 4 பைட், ஆழம் படிக்க 4, ஆழம் எழுத 4, மேலே ஒட்டும் படத்தைப் படிக்க 4, ஆக 16 பைட். ஒரு பொருள் இன்னொன்றை மறைப்பதால் ஒரே புள்ளியைச் சராசரியாக இரண்டரை தடவை வரைகிறோம் என்று வையுங்கள். 25 பிரேமுக்கு விநாடிக்குச் சுமார் 920 மெகாபைட். இரண்டையும் கூட்டினால் 1.14 கிகாபைட்.

ஷக்தியைப் பரிசோதிக்கப் பலரும் பயன்படுத்தும் ஆர்ட்டி ஏ7 போர்டில் உள்ள டிடிஆர்3 நினைவகம் காகிதத்தில் விநாடிக்கு அதிகபட்சம் 1.33 கிகாபைட் கொடுக்கும். நடைமுறையில் அதற்கும் குறைவு. அதாவது 'அடக்கமான' இலக்குக்கே போர்டின் மொத்த நினைவக வேகமும் போய்விடும். அப்புறம் சிபியு எங்கே போகும்? கேஷ், டைல் முறை என்று வைத்தால் இது குறையும், அதெல்லாம் தனி வடிவமைப்பு வேலை. நான் சொல்ல வருவது, 720பி 25 பிரேம் என்பது விளையாட்டுச் சாமான் இலக்கு அல்ல. நாலைந்து பேர் 50,000 யூரோவில் தொடும் தூரத்தில் அது இல்லை.

பிறகு நடந்தது என்ன? 2019 இறுதியில், ரிஸ்க்-வி அமைப்போடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டில், ஐபிஎம்மின் பவர் கட்டளைத் தொகுப்புக்கு மாறினார்கள். ஷக்தியின் புளூஸ்பெக்குக்குப் பதிலாகப் பைத்தானை அடிப்படையாகக் கொண்ட என்மிஜென். சிப் வரைபடத்துக்கு பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழக ஆய்வகத்தின் திறந்தமூல கோரியோலிஸ். வெக்டாருக்குத் தாங்களே உருவாக்கிய புதிய நீட்சி. 2021-ல் 180 நானோமீட்டரில் ஒரு சோதனை சிப் ஆலைக்குப் போனது. சுமார் 1,30,000 லாஜிக் கேட். பவர் சிபியு கோர் ஒன்று அதில் இருந்தது. கிராபிக்ஸ் இல்லை.

இதை வெறும் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். திறந்தமூலக் கருவிகளால் இவ்வளவு பெரிய சிப்பை வரைந்து ஆலைக்கு அனுப்பியதே சாதனை. செய்த வாதங்கள், சறுக்கல்கள் எல்லாவற்றையும் பொதுவில் எழுதியும் வைத்தார்கள். அதனால்தான் என்னை மாதிரி வெளியாள் இன்று விமர்சிக்கவாவது முடிகிறது.

ஆனால் திட்டமாகப் பார்த்தால் இதில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. எல்லாமே ஒரே நேரத்தில் புதுசு. புது கட்டளை நீட்சி, புது வடிவமைப்பு மொழி, புது வரைபடக் கருவி, புது டிரைவர் கட்டமைப்பு. ஒன்று தாமதமானால் எல்லாம் தாமதம். ஒரு பிழை வந்தால் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். ஷக்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கட்டளைத் தொகுப்பு மற்றவர்களுடையது, கம்பைலர் மற்றவர்களுடையது, கெர்னல் மற்றவர்களுடையது. புதுசு ஒன்றே ஒன்று, கோரின் உள்வடிவமைப்பு. அதனால் அவர்களால் முடிக்க முடிந்தது.

என்எல்நெட் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் சின்னச் சின்ன மைல்கல் வைத்து, முடித்தபின் காசு கொடுக்கிறார்கள். மென்பொருளுக்கு இது அருமையான முறை. திட்ட அறிக்கை எழுதிக் காலம் ஓட்ட முடியாது. ஆனால் சிப் ஆலைக்கு முன்பணமாகக் கட்டும் பெரிய தொகைக்கு இது பொருந்தாது. நமக்குத் தேவை இரண்டும் கலந்த ஒன்று. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆய்வகங்களில் கிடப்பவை

இவை தவிர பல்கலைக்கழகங்களில் செய்தவையும் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்த்திகேயன் சங்கரலிங்கம் குழு செய்த 'மியாவ்', ஏஎம்டியின் கட்டளைத் தொகுப்பில் ஒரு பகுதியை ஓட்டும் திறந்தமூல ஜிபியு. 2015-ல் ஹாட் சிப்ஸ் மாநாட்டில் வந்தது. ஆனால் அது கணிப்பு வேலைக்கு மட்டும், படம் வரையும் வன்பொருள் அதில் இல்லை. ஜார்ஜியா டெக்கின் 'வோர்டெக்ஸ்' ரிஸ்க்-வி அடிப்படையிலானது. அதன்மேல் கிராபிக்ஸ் பகுதிகளைச் சேர்த்த 'ஸ்கைபாக்ஸ்' என்ற ஆய்வு 2023-ல் வந்தது, எஃப்பிஜிஏவில் ஓடியது.

அதாவது ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து நாம் ஆரம்பிக்க வேண்டியதில்லை. கோர் இருக்கிறது, படித்துப் பார்க்க மூலநிரல் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் அந்த சலிப்பான வேலைதான் இல்லை. சரிபார்ப்பு, டிரைவர், தேர்வு, பத்து ஆண்டு பராமரிப்பு. அதற்கு யாரும் பிஎச்டி கொடுப்பதில்லை. மானியமும் கொடுப்பதில்லை.

நம்ம அரசுத் திட்டங்கள் எங்கே இடிக்கின்றன?

இனி நம்ம பக்கம். 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் திட்டம் அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 10 பில்லியன் டாலர். ஒப்பிட்டுப் பார்க்க, என்விடியா 2025 நிதியாண்டில் ஆராய்ச்சிக்கு மட்டும் செலவழித்தது சுமார் 12.9 பில்லியன் டாலர். ஆகவே 'என்விடியாவுக்குப் போட்டி' என்ற பேச்சை இங்கேயே ஓரம்கட்டி விடுவோம். அது திட்டமே இல்லை.

வடிவமைப்புக்கு அதே அறிவிப்பில் டிஎல்ஐ என்ற ஊக்கத்திட்டம் இருக்கிறது. தகுதியான செலவில் 50 சதவீதம் வரை திருப்பித் தருவார்கள், விண்ணப்பத்துக்கு உச்சவரம்பு 15 கோடி. சிப் விற்பனையானால் விற்றுமுதலில் 6 முதல் 4 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 30 கோடி. வடிவமைப்புக் கருவிகளும் கொடுக்கிறார்கள், அது பெரிய உதவி. சின்ன சிப்புகளுக்கு இது நல்ல திட்டம். ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் வளர்ந்த மைண்ட்குரோவ் மாதிரி நிறுவனங்கள் ஒரு மைக்ரோகன்ட்ரோலரை 28 நானோமீட்டரில் கொண்டுவர முடிந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

ஆனால் திறந்தமூல ஜிபியுவை இதில் பொருத்திப் பாருங்கள்.

ஒரு சின்ன ஜிபியுவுக்கு என்ன ஆகும்? இது என் சொந்த மதிப்பீடு, இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்புக்கு 12 பேர், சரிபார்ப்புக்கு 20 பேர், சிப் வரைபடத்துக்கு 8 பேர், டிரைவர் மற்றும் கம்பைலருக்கு 15 பேர், தேர்வுக்கும் ஆவணத்துக்கும் 5 பேர். மொத்தம் 60. அலுவலகச் செலவெல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆண்டுக்கு 30 லட்சம் என்றால், ஆண்டுக்கு 18 கோடி, ஐந்து ஆண்டுக்கு 90 கோடி. ஆலைச் செலவு தனி. தரமணியிலோ ஓஎம்ஆரிலோ சிப் வேலை செய்யும் யாரையாவது கேளுங்கள், ஆளெடுக்க 30 லட்சம் போதாது என்பார்கள். இருக்கட்டும்.

90 கோடியில் 15 கோடி திரும்பி வந்தால் அது 17 சதவீதம்கூட இல்லை. அதுவும் முதலில் நாம் செலவழித்து, பிறகு வாங்குவது. இன்னொரு சிக்கல், விற்பனை ஊக்கத்தொகை. வடிவமைப்பைத் திறந்து வைத்தால் அதை வேறொருவர் எடுத்துச் சிப் செய்து விற்கலாம். அதுதானே திறந்தமூலத்தின் நோக்கமே. ஆனால் ஊக்கத்தொகை விற்றவருக்குப் போகும், திறந்தவருக்கு இல்லை. அதாவது நம் ஊக்கத்திட்டம் 'திறக்காதே' என்று மறைமுகமாகச் சொல்கிறது. யாரும் வேண்டுமென்று அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். விற்பனையை அளப்பது சுலபம், பொதுப்பயனை அளப்பது கஷ்டம். அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ மிஷன் சுமார் 10,372 கோடி. அதில் ஜிபியு கணினித் திறனுக்கு மட்டும் சுமார் 4,500 கோடி. பெரும்பாலும் வெளிநாட்டு ஜிபியுக்களின் வாடகைக்கு மானியம். அதைக் குறை சொல்லவில்லை, ஆராய்ச்சி மாணவனுக்கு இன்றைக்கே ஜிபியு வேண்டும். ஆனால் அதில் 2 சதவீதம் எவ்வளவு? 90 கோடி. நான் மேலே போட்ட கணக்கின் அதே தொகை.

தமிழ்நாடும் 2025 பட்ஜெட்டில் 500 கோடியில் செமிகண்டக்டர் இயக்கம் அறிவித்திருக்கிறது. ஷக்தி பிறந்த ஊர் இது. டிரைவர், சரிபார்ப்பு வேலைக்கு ஆள் கிடைக்கும் ஊரும் இதுதான். மாநில அளவில் பொருத்தமான இடம் சிப் ஆலை அல்ல, இந்த மென்பொருள் பகுதிதான் என்பது என் கட்சி.

'எதுக்கு இதெல்லாம்' என்று கேட்பவர்களுக்கு

முதல் ஆட்சேபம்: மெதுவான ஜிபியுவை யார் வாங்குவார்கள்? கேம் விளையாடுபவர் வாங்க மாட்டார். ஆனால் ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போவதற்குள் எத்தனை திரைகளைப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பேருந்து முனையம், ரயில் நிலையம், வங்கி டோக்கன், பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி. இவை எதற்கும் பெரிய ஜிபியு தேவையில்லை. பத்து, பதினைந்து ஆண்டு டிரைவர் ஆதரவுதான் தேவை. தயாரித்தவர் டிரைவரை நிறுத்திவிட்டால், நல்ல போர்டும் பழைய கெர்னலோடு மாட்டிக்கொண்டு பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் கிடக்கும்.

இரண்டாவது: மாலி, பவர்விஆர் என்று உரிமம் வாங்கினால் போதாதா? ஒரு கம்பெனிக்கு அதுதான் சரி, நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். பவர்விஆர்காரர்கள் 2022 முதல் மெசாவில் தாங்களே திறந்த டிரைவரும் எழுதுகிறார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் பொதுப்பணத்தில் ஷக்தி, வேகா என்று சிபியு செய்துவிட்டு, அதன் கண்ணை மட்டும் ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுப்பது நீண்டகாலத்துக்குச் சரிவராது.

மூன்றாவது: சிபியுவிலேயே வரைந்தால் என்ன? நல்ல கேள்வி. டோக்கன் திரைக்கு அது போதும். அப்படியென்றால் நமக்கு முதலில் வேண்டியது ஜிபியு இல்லை, நல்ல டிஸ்ப்ளே கன்ட்ரோலர். இன்றைக்கு ஆர்ட்டி போர்டில் ஷக்தியில் லினக்ஸை ஏற்றினால் நாம் பார்ப்பது சீரியல் கன்சோலில் ஓடும் எழுத்துகளைத்தான்.

அப்போ எப்படித் திட்டம் போடலாம்?

எங்க பக்கம் மனை வாங்கியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வீடு கட்டுவது பெரிதில்லை. ரோடு, வடிகால், ஈபி லைன் வந்த பிறகு கட்டினால் வீடு, அதற்கு முன் கட்டினால் ஐப்பசியில் தீவு. சிப் என்பது வீடு. டிரைவரும் சரிபார்ப்பும்தான் வடிகால்.

முதல் கட்டம், ஒன்றரை ஆண்டு: ரிஸ்க்-வி சிப்புகளுக்கு ஒரு திறந்த டிஸ்ப்ளே கன்ட்ரோலர், லினக்ஸ் மூலக் கெர்னலில் அதற்கான டிரைவர். சிப் கிடையாது, எஃப்பிஜிஏ போதும். பத்துப் பேர் வேலை.

இரண்டாம் கட்டம், இரண்டு ஆண்டு: ஏற்கெனவே இருக்கும் வோர்டெக்ஸ் மாதிரி ஒரு கோரை எடுத்து, மெசாவில் டிரைவர் எழுதி, க்ரோனாஸ் அமைப்பின் பொதுத் தேர்வுத் தொகுப்பை எஃப்பிஜிஏவிலேயே ஓட்டுவது. எத்தனை சோதனை தேறியது என்ற எண் வாராவாரம் பொதுவில் வர வேண்டும்.

மூன்றாம் கட்டம்: அந்த எண் கிட்டத்தட்ட முழுசாக வந்த பிறகுதான் ஆலைக்குப் போவது. அதற்கான பணம் தனி ஒதுக்கீடு, முன்பணமாக. முதல் இரண்டு கட்டத்துக்கு என்எல்நெட் மாதிரி முடித்தபின் காசு. அப்போதுதான் 'சிப் வந்தது' என்று செய்தி போட்டு, டிரைவர் இல்லாமல் பெட்டியில் வைத்துப் பூட்டும் நிலை வராது.

கடைசியாக, பத்து ஆண்டுப் பராமரிப்புக்கு ஆறேழு பேரின் சம்பளம். எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை. இலவசச் சேவைகளையே நம்பியிருப்பதன் ஆபத்தை 2025-ல் எஃபாப்லெஸ் நிறுவனம் மூடியபோது பார்த்தோம். திறந்தமூலச் சிப்புகளை ஆலைக்கு அனுப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. நிதி நின்றதும், அதை நம்பி வரிசையில் நின்றவர்களின் சிப்புகளும் நின்றன.

அடுத்த தடவை 'இந்திய ஜிபியு' என்று தலைப்புச் செய்தி வந்தால் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். டிரைவருக்கு எத்தனை பேர்? மூலநிரல் எந்த உரிமத்தில், எங்கே? ஆலைக்குப் போகும் முன் எந்தத் தேர்வைத் தாண்ட வேண்டும்? மூன்றுக்கும் பதில் இருந்தால், எத்தனை நானோமீட்டர் என்று கேட்காமலே நம்பலாம். பதில் இல்லையென்றால் 2 நானோமீட்டர் என்றாலும் எனக்கு நம்பிக்கை வராது.